தம்பி வீட்டில் தமையன்

பிழைப்பை நாடியோ கல்வியை நாடியோ பெருநகரம் ஒன்றில் முதன்முதலாக வந்திறங்கும் ஒருவனுக்கு, அந்நகரம் என்பது தொடக்கத்தில் ஒரே ஒரு வீடுதான். சட்டைப் பையில் மடித்து வைத்த முகவரித் தாள் காட்டும் அந்த வீட்டில் படுக்க ஒரு பாயும் வேளைக்கு ஒரு பிடி சோறும் கிடைத்துவிட்டால், பிறகு தெருக்களும் அலுவலகங்களும் மனிதர்களும் ஒவ்வொன்றாய் அறிமுகமாகிவிடும். சொந்த ஊரை விட்டு வந்த நம்மவருள், அண்ணன் வீட்டிலோ மாமன் வீட்டிலோ சில காலம் இவ்வாறு ஒண்டியிராதவர் சிலரே ஆவர். வந்தவர் பின்னாளில் பெயர் பெற்றால் அவருடைய கதையை ஊர் பேசும். இடம் கொடுத்தவர் பட்ட பாட்டைப் பேசுவார் குறைவு.

உலகம் போற்றும் ஓவியர் ஒருவரின் வாழ்விலும் இத்தகைய இரண்டு ஆண்டுகள் உண்டு. ஹாலந்து நாட்டவரான வின்சென்ட் வான் கோ, 1886 பிப்ரவரி இறுதி முதல் 1888 பிப்ரவரி வரை, பாரிஸ் மாநகரில் தம் தம்பி தியோவின் வீட்டில் தங்கியிருந்தார். வந்தபோது அவருடைய படங்களில் நிலக்கரியின் கருமையும் உழவு மண்ணின் பழுப்புமே நிறைந்திருந்தன. போனபோது அவருடைய வண்ணத் தட்டில் கதிரவனே குடியேறியிருந்தான். இன்று நாம் அறியும் வான் கோ உருவானது அந்த வீட்டில்தான். ஆயினும், அவருடைய வாழ்வில் நாம் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் இந்தக் காலத்தையே. காரணம் எளியது. அவர் எழுதிய கடிதங்களுள் எண்ணூறுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. அவற்றுள் அறுநூற்றைம்பது தியோவுக்கு எழுதியவை. ஒரே கூரையின் கீழ் வாழ்பவருக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை ஏது? பாரிஸ் வாழ்வில் எழுதியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே தம்பி பிறருக்கு எழுதியவற்றையும், நண்பர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தவற்றையும், அந்நாளில் வரைந்த படங்களையும் கொண்டே இக்கதையை நாம் கோத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வின்சென்ட் 1853 மார்ச் 30ஆம் நாள் குரூட் சுன்டெர்ட் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். தியோ அவரைவிட நான்கு ஆண்டு இளையவர். பதினாறாம் வயதில் வின்சென்ட் கூப்பில் என்னும் புகழ்பெற்ற ஓவிய வாணிக நிலையத்தில் பணியில் அமர்ந்தார். ஹேக், லண்டன், பாரிஸ் என்று அதன் கிளைகளில் உழைத்து, 1876இல் வேலையிழந்தார். பின்னர் பெல்ஜிய நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே சமயத் தொண்டு புரிந்தார், அதுவும் நிலைக்கவில்லை. 1880இல், இருபத்தேழாம் வயதில், ஓவியனாவது என்று முடிவு செய்தார். தம்பியோ அதே கூப்பில் நிலையத்தில் 1873இல் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பாரிஸ் நகரில் மோன்மார்த் பெருந்தெருக் கிளையின் பொறுப்பாளராக விளங்கினார். தமையனுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பியவர் அவரே.

தமையன் தம்பியின் கையை எதிர்பார்த்து வாழ்வது நம் வழக்கில் சற்றே கூசத்தக்கது. வின்சென்டுக்கும் அக்கூச்சம் இருந்தது. ஆதலால் 1884இல் அவர் ஓர் ஏற்பாட்டை முன்மொழிந்தார். தாம் வரையும் படங்கள் யாவும் தியோவின் உடைமை. தியோ அனுப்பும் பணம் அவற்றின் விலை. விற்பனையே இல்லாத படங்களுக்கு விலையா என்று உலகியல் அறிந்தோர் நகைக்கக்கூடும். ஆனால் இரந்து உண்பவனாக அன்றி உழைத்து ஈட்டுபவனாகத் தம்மை எண்ணிக்கொள்ள அந்த ஏற்பாடு அவருக்கு உதவியது. தம்பியும் அதை விளையாட்டாகக் கருதவில்லை.

ஆன்ட்வெர்ப் நகரக் கலைக்கழகத்தில் சில வாரங்கள் பயின்ற வின்சென்ட், உடல் நலிந்து, பற்கள் சிதைந்து, கையில் காசின்றி இருந்தார். பாரிஸுக்கு வரும் விருப்பத்தைத் தெரிவித்தபோது, ஜூன் மாதம் பெரிய வீடு பார்த்த பிறகு வரலாம் என்று தியோ எழுதினார். வின்சென்டுக்குப் பொறுமை இல்லை. பிப்ரவரி இறுதியில் ஒரு நாள், முன்னறிவிப்பு ஏதுமின்றி, தியோவின் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்து சேர்ந்தது. திடீரென வந்துவிட்டதற்குச் சினங்கொள்ள வேண்டாம் என்றும், நண்பகல் முதல் லூவர் கலைக்கூடத்தின் சதுர மண்டபத்தில் காத்திருப்பதாகவும் கரிய சுண்ணக்கோலால் அதில் எழுதியிருந்தது. வீட்டு வாயிலில் மூட்டையோடு நில்லாமல், பேரோவியர்களின் படங்கள் சூழ்ந்த மண்டபத்தில் தம்பியைச் சந்திக்க விரும்பிய அந்த மனப்பாங்கு எண்ணி மகிழத்தக்கது.

தியோ அப்போது லவால் தெருவில் ஒரு சிறிய குடியிருப்பில் வாழ்ந்துவந்தார். ஓவியம் வரைய அங்கே இடமில்லை. ஆகவே வின்சென்ட், கோர்மோன் என்னும் ஓவியரின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். அங்குப் பயின்றோர் பெரும்பாலும் அவரைவிடப் பத்தாண்டு, பன்னிரண்டாண்டு இளையவர். துலூஸ் லோத்ரெக், ஆங்க்கெத்தேன், எமில் பெர்னார் ஆகியோருடைய பழக்கம் அச்சூழலில்தான் கிடைத்தது. பிறர் சென்ற பின்னும் பிற்பகலில் தனித்திருந்து, ஒரு சுண்ணச் சிலையைத் திரும்பத் திரும்ப வரைந்து, தாளில் ஓட்டை விழும்வரை அழித்து அழித்துத் திருத்திய அவருடைய தோற்றத்தைப் பெர்னார் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மூன்று நான்கு மாதங்களில் அப்பயிற்சி போதும் என்று வின்சென்ட் விலகிவிட்டார். ஆசிரியரிடம் பெற்றதைவிட உடன் பயின்றோரிடம் பெற்றதே மிகுதி.

ஜூன் மாதத்தில் சகோதரர் இருவரும் மோன்மார்த் குன்றின் சரிவில் லெப்பிக் தெரு 54ஆம் எண் வீட்டின் மூன்றாம் மாடிக்குக் குடிபெயர்ந்தனர். பெரிய அறைகள் மூன்று, ஒரு சிற்றறை, ஒரு சமையலறை. வின்சென்ட் சிற்றறையில் உறங்கினார். அதற்கு அப்பால் இருந்த அறை அவருடைய ஓவியக்கூடமாயிற்று. சன்னலைத் திறந்தால் கீழே பாரிஸ் நகரின் கூரைகள் அலை அலையாய்த் தெரியும். குன்றின் மேலே அந்நாளில் காற்றாலைகளும் காய்கறித் தோட்டங்களும் கல்வெட்டுக் குழிகளும் இருந்தன. நாட்டுப்புறமும் நகர்ப்புறமும் கைகோத்து நின்ற இடம் அது. இவற்றையெல்லாம் வின்சென்ட் வரைந்தார்.

அவர் காண வந்த நகரம் அப்போது கலையுலகில் ஒரு கொதிகலனாக இருந்தது. மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ முதலிய இம்ப்ரெஷனிஸ்டு ஓவியர்கள், ஒளி ஒரு கணத்தில் பொருள்கள்மேல் விளையாடும் விளையாட்டைத் தூய வண்ணங்களால் பிடிக்க முயன்றனர். இவர்களைப் பற்றித் தியோ பலமுறை எழுதியிருந்தும், ஹாலந்தில் இருந்தவரை வின்சென்டுக்கு அது விளங்கவில்லை. 1885இல் அவர் வரைந்த உருளைக்கிழங்கு உண்போர் என்னும் படம், தோலுரிக்காத உருளைக்கிழங்கின் நிறத்தையே தன் நிறமாகக் கொண்டிருந்தது. இப்போது நேரில் பார்த்தார். முதற் பார்வையில் ஏமாற்றமே விளைந்தது என்று பின்னர் அவர் தங்கைக்கு எழுதினார். கோடுகள் செம்மையாய் இல்லை, வண்ணம் சரியாய் இல்லை என்று தோன்றிற்றாம். இந்த ஒப்புதலை நான் பெரிதும் மதிக்கிறேன். புதியதைக் கண்டவுடன் மெய்ம்மறந்ததாகச் சொல்வோரைவிட, முதலில் வெறுத்துப் பின்னர் மெல்ல மெல்ல அதன் வழிக்கு வந்தவரின் சான்று நம்பத்தக்கது.

அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் அக்குழுவினரின் எட்டாவதும் இறுதியானதுமான கண்காட்சி நடைபெற்றது. அதில்தான் செரா என்னும் இளைஞர் வரைந்த கிராந்த் ஜாத் தீவின் ஞாயிற்றுக்கிழமைப் பெரும்படம் வைக்கப்பட்டிருந்தது. வண்ணங்களைத் தட்டில் குழைக்காமல், சிறு சிறு புள்ளிகளாக அருகருகே வைத்த படம் அது. நம் பெண்டிர் வாசலில் இடும் கோலத்தில் புள்ளிகளைக் கோடு இணைக்கிறது. செராவின் ஓவியத்திலோ பார்ப்பவன் கண்ணே அவற்றை இணைத்துக்கொள்ள வேண்டும். வின்சென்ட் இம்முறையையும் கற்றார். ஆனால் புள்ளி வைக்கும் பொறுமை அவருடைய கைக்கு இல்லை. அவர் கையில் அப்புள்ளி நீண்டு கோடாயிற்று. கோடு நெளிந்து அலையாயிற்று. பிற்கால வான் கோவின் தூரிகை வீச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

1886ஆம் ஆண்டு வேனிற் காலம் முழுவதும் அவர் மலர்களையே வரைந்தார். மனிதரை வரைய வேண்டுமானால் அமர்ந்திருப்பவருக்குக் கூலி தர வேண்டும். மலர் கூலி கேட்பதில்லை. தமையன் பூ வரைகிறார் என்றறிந்த நண்பர்கள் வாரந்தோறும் பூங்கொத்து அனுப்பி வைத்ததாகத் தியோ தாய்க்கு எழுதினார். செந்நிறக் கசகசாப் பூ, நீலப் பூ, ரோஜா, சாமந்தி என்று பல மலர்களைக் கொண்டு நீலத்துக்கு எதிர் செம்மஞ்சள், சிவப்புக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு எதிர் ஊதா என வண்ணங்களை மோதவிட்டும் இணக்கியும் பார்த்தார். எதிர் வண்ணங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூண்டி ஒளிரும் என்பது ஐரோப்பிய நூல்களில் அவர் படித்த கொள்கை. அரக்குச் சேலைக்குப் பச்சைக் கரை போடும் காஞ்சிபுரத்து நெசவாளர் நூல் படிக்காமலே அறிந்த உண்மை இது. வின்சென்டும் நூலைக் கொண்டே ஆய்ந்தார் போலும்! பல நிறக் கம்பளி நூல்களை இரண்டும் மூன்றுமாய்ச் சேர்த்துச் சுற்றிய உருண்டைகள் ஒரு சிவப்பு அரக்குப் பெட்டியில் அவருடைய குடும்பத்தாரிடம் இருந்து, இன்றும் அழியாமல் கிடைக்கின்றன.

நகரில் அவர் சுற்றிய இடங்களுள் இரண்டைச் சிறப்பாகக் கூற வேண்டும். ஒன்று கிளோசெல் தெருவில் இருந்த தாங்கீ என்னும் முதியவரின் வண்ணக் கடை. 1871ஆம் ஆண்டுப் பாரிஸ் புரட்சியில் கலந்து சிறைப்பட்டு மீண்டவர் தாங்கீ. ஏழை ஓவியருக்குக் கடனாக வண்ணம் கொடுப்பார். கடனுக்கு ஈடாகப் படத்தை வாங்கிக்கொள்வார். அந்த வாணிகம் அவருடைய மனைவிக்கு உவப்பாய் இல்லை என்பதில் வியப்பில்லை. அக்காலத்தில் செசான் வரைந்த படங்களைப் பாரிஸில் பார்க்க விரும்பியவர் அந்தச் சிறு கடைக்குத்தான் செல்ல வேண்டும். 1887இல் வின்சென்ட் அம்முதியவரை இருகை கோத்து அமர்ந்த நிலையில் வரைந்தார். பின்புறச் சுவர் முழுவதும் ஜப்பானிய அச்சோவியங்கள்.

அந்த ஜப்பானிய ஓவியங்கள் கிடைத்த இடமே இரண்டாவது. பிங் என்னும் வணிகரின் கிடங்கில் அவை குவிந்து கிடந்தன. மலிந்த விலைக்குக் கிடைத்தன. வின்சென்ட் நூற்றுக்கணக்கில் வாங்கினார். விற்று ஆதாயம் காணலாம் என்பது எண்ணம். 1887இல் தம்பூரின் என்னும் உணவகத்தில் அவற்றைக் கண்காட்சியாகத் தொங்கவிட்டார். அதன் உரிமையாளர் அகொஸ்தினா செகத்தோரி என்னும் இத்தாலிய அம்மையார். முன்னாளில் பல ஓவியருக்கு மாதிரியாக அமர்ந்தவர். வின்சென்டுடன் சில காலம் நெருங்கிப் பழகியவர். ஆதாயம் ஒன்றும் கிட்டவில்லை. அந்த உணவகமும் நொடித்தது. அங்கு வைத்திருந்த வின்சென்டின் படங்களை மீட்பதே பெரும்பாடாயிற்று. வாணிகம் தோற்றது, கலை வென்றது. நிழலற்ற தட்டையான வண்ணப்பரப்பு, துணிவான வெளிக்கோடு, எதிர்பாராத இடத்தில் வெட்டப்பட்ட காட்சி ஆகியவற்றை ஹிரோஷிகேயின் படங்களைப் பார்த்து வரைந்தே அவர் தமதாக்கிக்கொண்டார்.

இனி, வீட்டின் உள்ளே பார்ப்போம்.

தியோ காலையில் துப்புரவான உடையோடு கடைக்குச் செல்பவர். செல்வரோடு இன்சொல் பேசிப் படம் விற்பவர். மாலையில் களைத்து வீடு திரும்பினால், அங்கே தரையில் வண்ணக் குழல்களும் எண்ணெய்த் துணிகளும் இறைந்து கிடக்கும். சுவரெங்கும் ஈரம் உலராத துணிப்படங்கள். உறங்க முனைந்தாலும் தமையன் விடுவதில்லை. கலையைப் பற்றியும், கலை வாணிகத்தின் குறைகளைப் பற்றியும், தியோ அந்த நிலையத்தை விட்டு விலகித் தனியே கடை வைக்க வேண்டும் என்பதைப் பற்றியும் நள்ளிரவு கடந்தும் வாதம் செய்வார். விருந்தினராய் வந்த நண்பர்களிடமும் அவ்வாறே சண்டை. வீட்டுக்கு எவரும் வர விரும்பவில்லை. அந்தக் குளிர்காலத்தில் தியோவின் உடல்நலமும் குன்றியது.

1887 மார்ச்சில் தங்கை வில்லெமினுக்கு எழுதிய கடிதத்தில் தியோ தம் நெஞ்சைத் திறந்து காட்டினார். வீட்டு வாழ்க்கை பொறுக்க முடியாததாகிவிட்டது. அவராகவே வேறிடம் தேடிக்கொண்டால் நலம். ஆனால் போகச் சொன்னால் அதுவே அவர் தங்கியிருப்பதற்குக் காரணமாகிவிடும். அவருக்குள் இருவர் குடியிருக்கிறார்கள். ஒருவர் வியத்தகு திறமும் மென்மையும் உடையவர், மற்றவர் தன்னலமும் கடுமையும் உடையவர். அவருக்குப் பகைவர் அவரே. இவ்வாறு எழுதியவர், உதவியை நிறுத்திவிடு என்ற அறிவுரையை ஏற்றாரோ என்றால், இல்லை. அவர் ஓவியர் என்பதில் ஐயமில்லை; இன்று வரைவது அழகாக இல்லாவிடினும் நாளை பயன்படும்; அவருடைய பயிற்சியைத் தடுப்பது இழிவு என்பதே தியோவின் முடிவாக இருந்தது.

அன்பு மிகுதியால் குறையே காணாதவர் பலர் உண்டு. குறையைக் கண்டு கைவிட்டவர் அதனினும் பலர். குறையை முற்றும் கண்டு, அதனால் நாள்தோறும் துன்புற்று, கைவிடாமலும் இருந்தவர் தியோ. அடுத்த சில வாரங்களில் பிணக்கு தணிந்தது. வசந்தமும் வந்தது.

அவ்வசந்தத்தில் வின்சென்ட் வீட்டை விட்டு வெளியே சென்று வரையத் தொடங்கினார். சேன் ஆற்றங்கரையில் ஆனியேர் என்னும் புறநகர்ப் பகுதிக்கு நடந்தே செல்வார். இளைஞர் சின்யாக் சில நாள்களில் துணைக்கு வந்தார். பெர்னாரின் பெற்றோர் வீடும் அங்கிருந்தது. பாலங்கள், படகுகள், உணவு விடுதிகள், கோதுமை வயல் ஆகிய யாவும் இளவண்ணங்களில் எழுந்தன. வீட்டில் இருந்தபோது கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு தம்மையே வரைந்தார். கூலி கேளாத மாதிரி அவர் ஒருவரே அல்லவா? பாரிஸில் வரைந்த தன்னுருவப் படங்கள் மட்டும் இருபதுக்கு மேற்பட்டவை. வரிசையாக வைத்துப் பார்த்தால், கரிய நிழலில் மூழ்கிய முகம் மெல்ல மெல்ல ஒளிக்கு வருவது கண்கூடு. அவ்விரண்டாண்டில் வரைந்த மொத்தப் படங்கள் இருநூறுக்கும் அதிகம்.

அதே கோடையில் தியோ, நண்பர் ஒருவரின் தங்கையாகிய யோஹன்னா போங்கர் என்னும் பெண்ணிடம் திருமண விருப்பம் தெரிவித்து, மறுக்கப்பட்டார். அந்த மனச்சுமையோடுதான் அவர் வீட்டையும் கடையையும் தமையனையும் சுமந்தார்.

1887 இறுதியில் வின்சென்ட் கிளிஷி அவென்யூவில் உழைக்கும் மக்கள் உண்ணும் ஒரு பெரிய உணவு விடுதியின் சுவர்களில், தம் படங்களோடு பெர்னார், ஆங்க்கெத்தேன், லோத்ரெக் ஆகியோருடைய படங்களையும் சேர்த்துக் கண்காட்சி ஒன்றை அமைத்தார். பெரிய ஓவியர்களின் படங்கள் பெருந்தெருக் கடைகளில் விலைபோக, பெயரற்ற இளைஞர்களைச் சிறுதெரு ஓவியர்கள் என்று அவரே பெயரிட்டு ஒன்று திரட்டினார். பெர்னாரும் ஆங்க்கெத்தேனும் தங்கள் முதல் படத்தை அங்கே விற்றனர். வின்சென்டின் படம் விற்கவில்லை. விடுதி உரிமையாளரோடு பிணங்கி, படங்களைக் கழற்றி எடுத்துச் செல்லும்படி ஆயிற்று. எனினும் பிசாரோவும் செராவும் அங்கு வந்து பார்த்தனர். மார்த்தினீக் தீவிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த கோகானும் வந்தார். தம் சூரியகாந்திப் படங்கள் இரண்டைக் கொடுத்து, அவருடைய மார்த்தினீக் படம் ஒன்றை வின்சென்ட் மாற்றாகப் பெற்றார். தம்பியும் கோகானின் படங்களை வாங்கலானார். ஓவியர்களிடையே தமையன் அலைந்து தேடிக் கண்ட நட்புகள், வணிகரான தம்பிக்கும் வழிகாட்டின என்பதை மறத்தல் ஆகாது. கொடுத்தவர் பெற்றதும் உண்டு.

ஆனால் வின்சென்டின் உடல் தளர்ந்துவிட்டது. குடியும், உறக்கமின்மையும், ஓயாத வாதமும் அவரை வாட்டின. மாரிக்கால இருள் வண்ணத்தையும் மறைத்தது. தெற்கே வெயில் உள்ள நாட்டுக்குப் போக விரும்பினார். 1888 பிப்ரவரி 19ஆம் நாள் ஆர்ல் நகருக்குப் புறப்பட்டார். அதற்கு முன், சகோதரர் இருவரும் ஒன்றாகச் சென்று செராவின் ஓவியக்கூடத்தைக் கண்டு வந்தனர். புறப்படுவதற்கு முந்தைய மாலை, தாம் இன்னும் அங்கேயே இருப்பதாகத் தம்பிக்குத் தோன்ற வேண்டும் என்று சொல்லி, அறையைச் செப்பம் செய்து, ஜப்பானியப் படங்களைச் சுவரில் பொருத்தியதாகப் பெர்னார் எழுதியுள்ளார். இரண்டாண்டுகளாய் அந்த வீட்டைத் தாறுமாறாக்கியவர் அவரே!

சில நாள்களில் தியோ தங்கைக்கு மீண்டும் எழுதினார். ஓராண்டுக்கு முன் எவர் போக வேண்டும் என்று ஏங்கினாரோ, அவர் போனபின் வீடு வெறுமையாகிவிட்டது என்றும், இரண்டாண்டுக்கு முன் வந்தபோது இத்துணைப் பிணைப்பு உண்டாகும் என்று எண்ணவே இல்லை என்றும் அக்கடிதம் கூறுகிறது. ஆர்லிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. பாரிஸிலிருந்து பணம் போகத் தொடங்கிற்று.

பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. ஆர்லில் மஞ்சள் வீடு, கோகானுடன் பூசல், மனநோய், மருத்துவமனை வாழ்வு. 1890 ஜூலை 29ஆம் நாள் ஓவேர் என்னும் ஊரில் தம்பியின் அருகிலேயே வின்சென்ட் உயிர்நீத்தார். ஆறு மாதங்களில், 1891 ஜனவரி 25ஆம் நாள், தியோவும் மறைந்தார். முன்பு மறுத்த யோஹன்னா 1889இல் தியோவை மணந்திருந்தார். கைக்குழந்தையோடு கைம்பெண்ணான அவருக்குக் கணவர் விட்டுச் சென்ற செல்வம், அந்தப் பழைய ஏற்பாட்டின்படி தியோவுக்கு உடைமையாகிய நூற்றுக்கணக்கான விலைபோகாத படங்களும், கட்டுக்கட்டான கடிதங்களுமே. படங்களை விற்றுத் தொலைக்குமாறு கூறியோர் இருந்தனர். அவர் அவற்றைக் காத்து, ஊர் ஊராய்க் கண்காட்சி நடத்தி, 1914இல் கடிதங்களை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில், ஹாலந்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்த தியோவின் உடலை ஓவேருக்குக் கொணர்ந்து தமையனின் பக்கத்தில் இடச் செய்தார். ஒரே அளவான இரண்டு எளிய கற்கள் அங்கே அருகருகே நிற்கின்றன.